பூஜ்யத்துக்கு ஆசைப்பட்ட கணக்கு வாத்தியார்

இருபத்தொன்பது வருடங்களாகப் பிறருக்கு மார்க் போட்டு வருகிறவன் நான். எனக்கு ஒருவர் மார்க் போட வந்தபோது அதில் தில்லுமுல்லு செய்து, கிட்டத்தட்டச் செத்தே போகப் பார்த்தேன். இப்போது உடம்பு தேறிவிட்டது. கஞ்சியிலிருந்து இட்லிக்கும், இட்லியிலிருந்து குழைந்த சோற்றுக்கும் முன்னேறியிருக்கிறேன். இன்னும் இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா உட்காருவது எனக்கு வராது. இன்று காலையிலேயே பால்கனிக்கும் கூடத்துக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று தெரியவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன கிரேஸ் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். "உட்கார்ந்து நடந்ததை எழுதுங்க. நாலு பேருக்காவது உபயோகமா இருக்கும்" என்றாள்.

என் பெயர் டேனியல். தாம்பரத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். கிரேஸ் என் மனைவி. தபால் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. வீடு பீர்க்கன்காரணையில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு பேர்தான், ஒருவருக்கு ஒருவர்.

எல்லாம் முட்டியில் தொடங்கியது. கரும்பலகை முன்னால் நின்று நின்று வலது முட்டி ஒரு வருடமாக வலி. "எலும்பு டாக்டரைப் பாருங்க" என்று கிரேஸ் நூறு தடவை சொல்லியிருப்பாள். நான் தெருமுனை மெடிக்கல் ஷாப்பைப் பார்த்தேன். "முட்டி வலிக்கு ஏதாவது கொடுங்க" என்றால் ஒரு அட்டை கொடுப்பார்கள். சீட்டுக் கேட்க மாட்டார்கள். முதலில் நாளைக்கு ஒரு மாத்திரை, பிறகு இரண்டு. விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியதும் மூன்று. அதுவும் வெறும் வயிற்றில், முகாம் டீயோடு. கிரேஸ் கண்ணில் படக்கூடாது என்று அட்டைகளை என் பையில், ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருந்தேன். கணக்கு வாத்தியாரின் ஜியாமெட்ரி பாக்ஸை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

இந்த முகாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு மேஜைக்கு நான் தலைமை. என் மேஜை ஆசிரியர்கள் திருத்திய தாள்களை நான் ஒருமுறை பார்ப்பேன். நான் பார்த்ததை எஸ்.ஓ. என்று ஒருவர் பார்ப்பார். விடை சரியா தப்பா என்பது அவர் கவலை இல்லை. அவர் பார்ப்பது இரண்டே விஷயம்: கூட்டல் சரியாக இருக்கிறதா, எந்த விடைக்காவது மார்க் போடாமல் விட்டுப்போயிருக்கிறதா. பையன் எழுதியதற்கு மார்க் விட்டுப்போவதைவிடப் பெரிய குற்றம் முகாமில் கிடையாது. மெமோ வரும். என் மேஜைக்கு எஸ்.ஓ. காதர். குன்றத்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். அதிகம் பேச மாட்டார். ஆனால் அரை மார்க் விட்டுப்போனாலும் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். உண்மையைச் சொன்னால், அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

முகாமின் கடைசி வாரம், வியாழக்கிழமை முதலே மலம் கறுப்பாகப் போனது. சாதாரணக் கறுப்பு இல்லை. ரோடு போடும் தார் மாதிரி, பிசுபிசுப்பாக, ஒரு மாதிரி நாற்றத்தோடு. புதன்கிழமை சாப்பிட்ட பீட்ரூட் பொரியல்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகப் போகும், கறுப்பாகப் போகாது என்பது எனக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு முகாமில் டீக்காக எழுந்தேன். வராந்தாவில் பாத்ரூம் பக்கம் போகும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, மிக அருகில் காதரின் முகம். சுவரோரமாக என்னைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்.

"என்ன சார் ஆச்சு? ஒரு நிமிஷம் கூப்பிட கூப்பிட நீங்க எழுந்திருக்கவே இல்ல."

"வெயில்தான் காதர் சார். ஒண்ணுமில்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் சார். வாங்க."

"கட்டுக் கட்டா தாள் கிடக்குது. நாளைக்கு முகாம் முடியணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவர் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மறைக்க வழியில்லாமல் போயிற்று. எல்லோர் முன்னாலும் வாந்தி. காபித் தூளைக் கரைத்துக் கொட்டியதுபோல் இருந்தது. முகாம் அதிகாரி பதறிப்போய், என் மேஜை ஆசிரியர் ஒருவரோடு என்னை ஆட்டோவில் ஏற்றி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். நான் அவசரப் பிரிவில் கட்டிலில் ஏறிப் படுப்பதற்குள் கிரேஸ் தபால் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டாள். சேலை முந்தானையில் ஸ்டாம்ப் மை. முகத்தில் ரத்தமே இல்லை. என்னைவிட அவளுக்குத்தான் டிரிப்ஸ் தேவை என்று தோன்றியது.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவள் தம்பி எட்வினை இப்படித்தான் வாந்தி என்று சேர்த்தோம். "அட்மிட் பண்ணிடலாம், ரெண்டு நாள்தான்" என்றார்கள். ஐ.சி.யு. வாசல் நாற்காலியில் கிரேஸ் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பி வரவில்லை. அதிலிருந்து யாராவது 'அட்மிட்' என்று சொன்னாலே அவள் கை சில்லிட்டுப்போகும். நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒயர்கள். ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரம் நான் என்ன செய்வது? கால்கள் தானாக ஆடிக்கொண்டே இருந்தன. எங்களுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது.

அங்கே இருந்தவர் பழ வண்டி வியாபாரியாம். அவர் மனைவிதான் பேசினார். "காலீலேர்ந்து கருப்பா போய்க்கினு கீது டாக்டரம்மா. இன்னான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது இந்த ஆளு. வூட்டாண்ட ரெண்டு வாட்டி மயக்கம் போட்டு வுழுந்துச்சு."

"கறுப்பா போகுது, ஒண்ணு" என்றது ஓர் இளம் பெண்ணின் குரல். "மயக்கம், ரெண்டு. கல்லீரல் பிரச்சினை இருக்குன்னு பழைய ரிப்போர்ட்ல இருக்கு, அது ரெண்டு. பி.பி. தொண்ணூத்தி அஞ்சு, அது ரெண்டு. சிஸ்டர், ஐ.சி.யு.வுக்குச் சொல்லிடுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மார்க் போடுகிறார்கள்! அதுவும் கேள்விக்குக் கேள்வி, படிப்படியாக. வினாத்தாளும் விடைக்குறிப்பும் பரீட்சைக்கு முன்னால் எனக்குக் கிடைத்துவிட்டன. இப்படி ஒரு பையன் செய்து மாட்டினால் மூன்று வருடம் பரீட்சை எழுத முடியாதபடி செய்திருப்பேன். ஆனால் அந்த நிமிடம் எனக்கு அது துளியும் உறைக்கவில்லை. போனை எடுத்துத் தேடினேன். வயிற்றில் ரத்தக் கசிவோடு வருகிறவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று கட்டில் பக்கத்திலேயே நின்று முடிவு செய்ய அவசரப் பிரிவில் இப்படி ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஹீமோகுளோபின், யூரியா, கறுப்பு மலம், மயக்கம், கல்லீரல், இதயம்: ஒவ்வொன்றுக்கும் மார்க். மொத்தம் இருபத்துமூன்று. பூஜ்யமோ ஒன்றோ வாங்கினால் வீட்டுக்குப் போகலாம். பூஜ்யம் வாங்கினவன்தான் பாஸ் ஆகும் பரீட்சையை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

திரையை விலக்கிக்கொண்டு அந்த டாக்டர் வந்தார். நிவேதா என்று பெயர்ப் பட்டை. என்னிடம் படித்துவிட்டுப் போன பெண்களின் வயதுதான் இருக்கும்.

"சார், ரெண்டு மூணு நாளா மோஷன் கறுப்பா போச்சா?"

கட்டிலின் கால்மாட்டில் நின்ற கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் கிரேஸைப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர்."

"மயக்கம் போட்டு விழுந்தீங்களா?"

"இல்ல."

"வலி மாத்திரை ஏதாவது?"

"எப்பவாவது ஒண்ணு."

"வாந்தி என்ன கலர்ல இருந்துது?"

"காபி கலர். ரெண்டு டம்ளர் காபி குடிச்சிருந்தேன்" என்றேன். என் அதிர்ஷ்டம் பாருங்கள், அந்த முறையில் வாந்திக்கு மார்க்கே இல்லை.

பி.பி. நூற்றுப் பன்னிரண்டு; பூஜ்யம். நாடி தொண்ணூற்றாறு; பூஜ்யம். ஹீமோகுளோபின் பதிமூன்று புள்ளி இரண்டு, அதற்கும் பூஜ்யம். போன வருடம் செய்த பரிசோதனையில் அது பதினைந்தரை இருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. கடைசியில் போனில் எதையோ தட்டிவிட்டு, "நாலு வருது சார். அட்மிட் பண்ணிடலாம்" என்றார்.

கிரேஸ் கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

"எதுக்கு டாக்டர் நாலு?"

"யூரியாவுக்கு. முப்பத்தாறு இருக்கு."

அவரே விளக்கினார். இரைப்பையில் கசியும் ரத்தம் குடலுக்குள் இறங்கி, சாப்பாட்டைப்போலச் செரித்துவிடுமாம். அப்போது உடம்பில் யூரியா கூடும். வெளியே தெரியாத கசிவைக்கூட அது காட்டிக்கொடுக்கும். நல்ல விளக்கம்தான். ஆனால் என் கண் அவர் போன் திரையில் இருந்தது.

"இதுல கேக்கறது யூரியா நைட்ரஜன். உங்க ரிப்போர்ட்ல இருக்கறது யூரியா. ரெண்டும் ஒண்ணா டாக்டர்?"

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "சாரி சார். ரெண்டு புள்ளி ஒண்ணு நாலால வகுக்கணும்."

"பதினாறு புள்ளி எட்டு" என்றேன் மனக்கணக்காக.

"அப்படின்னா அதுக்கு மார்க் இல்ல. மொத்தம் ஜீரோ சார்."

எனக்கு வந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது, ஒரு டாக்டருடைய கணக்கைத் திருத்திவிட்டேன் என்று ஒருவன் மார்தட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கணக்கு முழுக்கச் சரி. போட்ட எண்கள்தான் பொய். அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவர் செய்த தப்பை ஒரு நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். போனில் சீனியர் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், திங்கட்கிழமை வந்து எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. எண்டோஸ்கோப்பி என்றால், நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய்வழியே விட்டு இரைப்பையைப் பார்ப்பது. "கறுப்பா போனாலோ, மயக்கம் வந்தாலோ உடனே வந்துடணும் சார்" என்று இரண்டு முறை சொன்னார். தலையை ஆட்டினேன்.

கிரேஸின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். அதைப் பார்த்ததும், நான் செய்தது சரிதான் என்றே எனக்குத் தோன்றியது.

டிஸ்சார்ஜ் சீட்டு வர நேரமாயிற்று. ஃபார்மசியில் இருந்து மருந்து வரவேண்டும், பில் வரவேண்டும், கையில் இருக்கும் ஊசியை எடுக்க சிஸ்டர் வரவேண்டும். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "என்னாச்சு பாரு" என்று கிரேஸைத் துரத்திக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். இதற்குமேல் தாமதித்தால் ஊருக்குப் போகும் கூட்டமெல்லாம் பெருங்களத்தூரில் சேர்ந்து ரோடு அடைத்துக்கொள்ளும். வயிறு வேறு ஒரு மாதிரி புரண்டது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்குக் காதர் வந்தார். முகாமில் நான் விட்டுவந்த பையை ஒரு தோளிலும் அவருடைய பையை இன்னொரு தோளிலும் மாட்டியிருந்தார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்கு அனுப்பறாங்க. இவங்க என் மனைவி கிரேஸ். கிரேஸ், இவர்தான் காதர் சார், எங்க எஸ்.ஓ."

அவர் கிரேஸுக்கு வணக்கம் சொன்னார். பையைக் கொடுத்தார். அதோடு போயிருக்கலாம். ஆனால் கட்டில் கால்மாட்டில் என் குறிப்புத் தாள் ஓர் அட்டையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வரிசையாகக் கேள்விகள், எதிரே எண்கள், கீழே மொத்தம். எஸ்.ஓ. வேலை பார்க்கிறவர்களால் ஒரு எண் வரிசையைக் கூட்டாமல் தாண்டிப் போக முடியாது. அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது.

"கூட்டல் சரியா இருக்கு சார்" என்றார்.

"இருக்காதா? நான் பார்த்ததாச்சே."

"ஆனா மயக்கம்னு ஒரு கேள்வி இருக்கே. அதுக்கு ஜீரோ போட்டிருக்காங்க."

"காதர் சார்..." என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலைல வராண்டாவுல விழுந்தீங்களே. நான்தானே தூக்கி உட்கார வெச்சேன். அதுக்கு மார்க் விட்டுப்போச்சே சார்."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. யாரையும் காட்டிக்கொடுக்கிறோம் என்றுகூட அவர் நினைக்கவில்லை. விட்டுப்போன மார்க்கைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"உங்க வேலையைப் பார்த்துக்கிட்டுப் போங்க காதர் சார்!"

"இதுதானே சார் என் வேலை" என்றார்.

கிரேஸ் என் பையைத் திறந்தாள். எதைத் தேடினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவே காலி மாத்திரை அட்டைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டில் விரிப்பின்மேல் எடுத்து வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் போட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, டாக்டரைத் தேடிப் போனாள். அவள் நடையைப் பார்த்தபோது அன்று முழுவதும் இல்லாத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

டாக்டர் நிவேதா வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "சார், முதல்லேர்ந்து திரும்பக் கேக்கறேன்" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தார் மாதிரிப் போனது, விழுந்தது, மாத்திரைகள், போன வருடத்துப் பதினைந்தரை. கிரேஸ் பக்கம் திரும்பவே இல்லை.

"கறுப்பா போனதுக்கு ஒண்ணு, மயக்கத்துக்கு ரெண்டு. மூணு சார். அப்பவே அட்மிட் பண்ணணும்னு சொன்னேன், தப்பான கணக்கால. இப்ப சரியான கணக்குல சொல்றேன்."

இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டார்கள். ரத்தம் வேகமாக ஏற்ற வேண்டியிருந்தால் சின்ன ஊசி பத்தாதாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து சொட்டத் தொடங்கியது. தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்றார்கள். என் ரத்த வகைக்குப் பொருத்தம் பார்க்க மாதிரி எடுத்துப் போனார்கள். மூன்று மார்க்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அப்போதும் நான் முணுமுணுத்தேன்.

ஏழு மணி ஆகவில்லை. வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை காபி நிறம் இல்லை. சிவப்பு. சிஸ்டர் நீட்டிய தட்டு நிறைந்து கட்டிலில் வழிந்தது. மானிட்டர் கத்தியது. பி.பி. எண்பத்துநான்கு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மேலே விளக்குகள் போய்க்கொண்டே இருந்தன. டிஸ்சார்ஜ் சீட்டு நேரத்துக்கு வந்திருந்தால் அந்த நேரத்தில் நான் எங்கே இருந்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பெருங்களத்தூர் சிக்னலில், முன்னாலும் பின்னாலும் ஆம்னி பஸ்கள் நிற்க, நகர முடியாத ஓர் ஆட்டோவில், கிரேஸின் மடியில்.

சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். வலி மாத்திரைகள் செய்த வேலை. புண்ணின் அடியில் ஒரு ரத்தக் குழாய் வாய் திறந்து கிடந்ததாம். அன்று இரவே வாய்வழியாக விட்ட கேமராக் குழாய் மூலம் சின்ன உலோகக் கிளிப்பைப் போட்டு அதை இறுக்கிவிட்டார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுக்க மறுநாள் முகாம் முடிந்த கையோடு கணக்கு ஆசிரியர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். முதலில் சட்டைக் கையைச் சுருட்டியவர் காதர்.

ஐ.சி.யு.வில் மூன்று நாள். படுக்க முடியவில்லை, எழுந்திருக்க விடவில்லை. மானிட்டரில் ஓடும் எண்களைக் கூட்டினேன், கழித்தேன், சராசரி எடுத்தேன். நாடி தொண்ணூறைத் தாண்டினால் மறுபடி கசிகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நெஞ்சு அடித்துக்கொண்டால் நாடி இன்னும் ஏறும். வெளியே, நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அதே மாதிரி நாற்காலியில் கிரேஸ் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு இரண்டு முறை பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். ஈரக் கைக்குட்டையால் என் காதோரத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைப்பாள். கால் விரல்களை அமுக்கிவிடுவாள். பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் அவளுக்குத் துணையாக இருந்தது பழ வண்டிக்காரரின் மனைவிதானாம். காலையும் மாலையும் டீ வாங்கினால் இரண்டாக ஊற்றிக் கொடுப்பாராம். "இன்னாத்துக்கு அக்கா இப்டி குந்திகினு கீறே? சாப்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று கீழே துரத்துவாராம். அவர் கணவரும் எனக்கு ஒரு நாள் முன்னதாக வார்டுக்கு வந்துவிட்டார். பில்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஆசிரியர் காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது என்பது மட்டும்தான். மீதியைப் பற்றிக் கேட்டால் கிரேஸ், "அதான் கட்டியாச்சே" என்கிறாள்.

வார்டில் ஒரு நாள் டாக்டர் நிவேதா எட்டிப் பார்த்தார். இனிமேல் மயக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது கூட வந்தவர்களை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லப் போவதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் போனோம். பெருங்களத்தூர் சிக்னலில் வழக்கம்போல வண்டி நின்றது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி. என் மடியில் மருந்துப் பை. கிரேஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப நான் கால்மாட்டுலயே நின்னேன். நான் அங்க இல்லேன்னா உண்மைய சொல்லியிருப்பீங்களா?"

முகாம், கட்டுகள், கடைசி நாள் என்று சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எட்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க என் முகத்தப் பாத்துட்டுத்தான் இல்லேன்னு சொன்னீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுது, ஏதோ மறைக்கறீங்கன்னு. இல்லேன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதனாலதான் நானும் கேக்கல. காதர் அண்ணன் மட்டும் வரலேன்னா..."

அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே பயப்படறது என் பாடு" என்றாள். "கேட்டதுக்குப் பதில் சொல்றது உங்க பாடு."

சிக்னல் விழுந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ஆட்டோ ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. நான் காலை மடக்கி நீட்டுவதை அவள் கவனித்துவிட்டாள்.

"முட்டி வலிக்குதா?"

'இல்ல' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வலிக்குது" என்றேன்.